அச்சுக்குப் பின்னால்

திங்கட்கிழமை எல்க்ஹார்ட் தொழிற்சாலை வாசலில்
சாவியை நீட்டுவார்கள்.
என்ன நிறம், எந்தக் கம்பெனி, எதுவும் கேட்பதில்லை.
வண்டியின் பக்கவாட்டில் நடந்து அளப்பேன்:
முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் எத்தனை எட்டு,
பின் சக்கரத்திலிருந்து பம்பர் எத்தனை எட்டு.
ஐடஹோ வரைக்கும் என் தோள்கள் படப்போவதை
இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

போன மாத வண்டி முப்பத்தொரு அடி.
பெட்ரோல் என்ஜின், லாரிக்கான பட்டை ஸ்பிரிங்.
நடுவே ஆறு எட்டு,
பின்னால் தொங்கியது ஐந்து.
அந்த ஐந்தில்தான்
படுக்கையறை, தண்ணீர்த் தொட்டி,
யாரோ வாங்கப்போகும் முழுநீளக் கண்ணாடி.

ஒவ்வொரு லாரியும் முந்தும்போது
முதலில் என் முதுகைத் தள்ளும்,
அப்புறம் மூக்கைத் தள்ளும்,
போகிற போக்கில் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.
நெப்ராஸ்கா முழுக்க
நேர் சாலையில் ஸ்டீயரிங்கைத் தைத்துக்கொண்டே போனேன்,
இடம் வலம் இடம் வலம்.
இரவு காப்பிக் கோப்பையைப் பிடித்தபோதும்
கை திருத்திக்கொண்டே இருந்தது.

இந்த வாரம் முப்பத்தெட்டு அடி.
"ஓர்ஃபா, பெரிசு, பார்த்துப் போ" என்றான் வாசல்காரன்.
நீளத்தைப் பார்த்துப் பயப்படுகிறவன்
சக்கரத்தைப் பார்க்காதவன்.
நடுவே எட்டரை எட்டு, பின்னால் நாலரை.
டீசல் என்ஜின் பின்கட்டில் உறும,
அச்சுகளின் மேல் காற்றுப் பைகள்.

இதற்கு வேறு பாடம்.
என் இருக்கை முன் சக்கரத்துக்கும் முன்னே இருக்கிறது.
திருப்பத்தில் நான் மட்டும்
சாலையைத் தாண்டிப் புல்வெளி மேல் மிதப்பேன்,
மிதந்தபடி பொறுக்க வேண்டும்,
சக்கரம் வந்து சேரும் வரை.
அவசரப்பட்டு ஒடித்தால்
நடுவயிறு விளக்குக் கம்பத்தை உரசும்.
பெட்ரோல் நிலையத்தில் இடப்பக்கம் ஒடித்தால்
வால் வலப்பக்கம் இரண்டடி வீசும்;
அங்கே ஒரு பம்ப் நிற்கும், அல்லது ஒரு ஆள்.

வயோமிங்கில் எல்க் மலைக்குக் கீழே காற்று.
வெற்றுச் சரக்கு லாரி ஒன்று
பள்ளத்தில் பக்கவாட்டில் படுத்திருந்தது, தூங்குவதுபோல.
என் பெட்டியின் சுவர் மொத்தமும் பாய்மரம்.
சாய்ந்தது, யோசித்தது, நிமிர்ந்தது.
ஒரு விரல் அளவு திருத்தினேன், அவ்வளவுதான்.

அப்போதுதான் கவனித்தேன்,
உள்ளே சத்தமே இல்லை.

அலமாரிகளைப் பொருத்துகிறவன் என் தம்பி ஃபெர்மன்.
மூன்றாவது வரிசை, இடக்கைக்காரன்,
விடியும் முன் சைக்கிளில் வேலைக்கு வருவான்.
நான் சபையை விட்டு ஓட்டுநர் உரிமம் எடுத்த நாளிலிருந்து
என்னோடு ஒரே மேசையில் உண்பதில்லை.
அவன் செய்வது நாற்பதடிப் பெட்டிக்கு,
ஏறிப் பயணம் போவது குதிரைவண்டியில்.
வாசலில் எதிர்ப்பட்டால் தொப்பியை மட்டும் தொடுவான்.

பட்டை ஸ்பிரிங் வண்டிகளில்
அவன் எனக்குப் பேச்சுத்துணை.
பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும்
சமையல் மேடைக்கு மேலே இரண்டாம் கதவு
டக் என்று ஒரு சொல்.
அயோவாவின் வெடித்த கான்கிரீட்டில்
இழுப்பறைகள் முணுமுணுக்கும், சண்டை பிடிக்கும்.
சில நேரம் நானும் பதில் சொல்லியிருக்கிறேன்,
எங்கள் வீட்டு ஜெர்மனில், கெட்ட வார்த்தை உட்பட.

காற்றுப் பை எல்லாவற்றையும் விழுங்கிவிடுகிறது.
ராலின்ஸில் நிறுத்தி உள்ளே போனேன்.
மெத்தைக்கு இன்னும் பிளாஸ்டிக் உறை; அது எனக்கானதல்ல.
இரண்டாம் கதவைத் திறந்தேன்.
உள்பலகையில் பென்சிலில் ஓர் அளவு,
இடக்கை சாய்த்து எழுதிய ஏழு.

டுவின் ஃபால்ஸில் ஒப்படைத்தபோது
வாங்க வந்த பெண் கேட்டாள்,
"ஓட்ட எப்படி இருந்தது?"
நன்றாக, என்றேன். நேராகப் போகும்.
லாரிகள் வந்தாலும் அசையாது.
உள்ளே ஒரு சத்தமும் கேட்காது.

கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேருந்துக்கு நடந்தேன்.
அடுத்த திங்கள் குட்டை வண்டி கேட்டு வாங்கலாம்.
தோள் வலிக்கும்தான்.