வடக்குப் பங்கு வெயில்

மார்கழி பிறந்தால் வெயில்
அடைக்கப்பன் வகையறா பக்கம் போய்விடுகிறது.
பத்தரைக்கு வந்து உட்கார்ந்தால்
இரண்டு மணிக்குத்தான் எழுந்திருக்கும்.

நான் குடியிருப்பது தெற்கில்.
பள்ளத்தூர் சுகாதார நிலையத்தில் நர்ஸ்.
ஏழு தக்காளித் தொட்டி, இரண்டு மிளகாய்,
கோத்தகிரியிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்த
ஹைட்ரேஞ்சியா ஒன்று.

தொட்டிகளை வடக்கே இழுத்து வைத்த மூன்றாம் நாள்
காவல்காரர் சாத்தையா செல்போனை நீட்டினார்.
ஈப்போவிலிருந்து ஒரு குரல்:
"எங்க பங்குல தொட்டி வைக்க யாரு சொன்னா?"

வெயில் சொன்னது என்றால் எடுபடுமா.
பாகப்பத்திரத்தில் எல்லாம் இருக்கிறதாம்,
கிணற்றில் நாலில் ஒன்று,
வளவைக்கூட நடுவில் பிளந்திருக்கிறார்கள்.
சாத்தையா சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார்.
ரொம்ப நேரான கோடு.

கோட்டை ஒட்டி,
என் பக்கத்து நிழலில் வரிசையாக வைத்தேன்.
தக்காளிக்குக் கோடு தெரியவில்லை.
ஓட்டு விளிம்பைத் தாண்டித் தெரிந்த வானத்துக்கு
கழுத்தை நீட்டி நீட்டி
தையில் ஒரு முழம் அந்தப் பக்கம் போயிருந்தது.
வேர் தெற்குப் பங்கு.
முதல் பழம் வடக்குப் பங்கு.
பறிக்கையில் சாத்தையா
வேண்டுமென்றே
வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹைட்ரேஞ்சியா மாசி தாண்டவில்லை.
இந்த ஊரில் இரவுக்கும்
காய்ச்சல் இறங்காது என்று
அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டும்.

சித்திரை மூன்றாம் தேதி,
பன்னிரண்டே காலுக்கு
வளவு முழுக்க வெயில்.
நிறுத்திவைத்த துடைப்பத்துக்கு நிழலில்லை.
எனக்கும் இல்லை.
வடக்கு, தெற்கு, கோடு எல்லாம்
ஒரே வெள்ளையில் கண்ணைக் கூசின.
ஆசைப்பட்டதுதான். இவ்வளவு கேட்கவில்லை.

வார்டு பழக்கத்தில் சுவரில் அட்டை மாட்டி எழுதினேன்:
பகல் நாற்பது.
இரவு இருபத்தொன்பது.
உதிர்ந்த பூ பதினெட்டு.
பிஞ்சு இல்லை.
மறுநாள் உதிர்ந்தது இருபத்துமூன்று.
மிளகாய் மட்டும் எதுவும் நடக்காததுபோல்
காய்த்துக்கொண்டிருந்தது.

பழைய வேட்டியைக் கொடியில் விரித்து
தக்காளிக்குக் குடை கட்டினேன்.
விடிவதற்குள் ஒரு குடம், இருட்டியபின் ஒரு குடம்.
நடுவில் நனைத்தால் வேர் வெந்துவிடும்.

ஆனியில் சூரியன் இன்னும் வடக்கே ஏறும்.
அவர்கள் கூரை நிழல் அப்போது
கோட்டை நோக்கி நகர்ந்து வரும்.
ஸ்கேல் வாங்கி வைத்திருக்கிறேன்.
ஒரு சாண் தாண்டினாலும் போதும்.
ஈப்போ நம்பர்
சாத்தையாவிடம் இருக்கிறது.