இருப்பினும்

உசிலம்பட்டி தாலுகா ஆபீஸிலிருந்து
ஓ.டி. போட்டு அனுப்பியிருந்தார்கள்.
இலக்கிய விழா, தமுக்கம், மூன்று நாள்.
என் கையில் இரண்டு அட்டைகள்:
மஞ்சள் என்றால் இன்னும் இரண்டு நிமிடம்,
சிவப்பு என்றால் போதும்.

முன்வரிசை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி.
நேற்று ஒரு கவிஞர்
மஞ்சளைப் பார்த்ததும்
தண்ணீர் குடித்தார், கண்ணாடியைத் துடைத்தார்,
முதலிலிருந்து தொடங்கினார்.

இன்று அரங்கு இரண்டு. ‘நிலமும் எழுத்தும்.’
ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம்.
ஒருங்கிணைக்கும் பேராசிரியர் தனுஷ்கோடி
அறிமுகத்துக்கே ஒன்பது எடுத்தார்.
விமர்சகர் சேவுகப்பெருமாளுக்கு
மூன்று முறை சிவப்பைக் காட்டினேன்.
கும்பிட்டார். ‘இறுதியாக’ என்றார்.
அந்த இறுதிக்குள் நான்கு உட்பிரிவுகள் இருந்தன,
பாகம் பிரித்த புஞ்சை மாதிரி.

வெளியே சாப்பாட்டு வண்டி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம்.
பாதி அரங்கு எழுந்துவிட்டது.
கடைசி நாற்காலி அங்காளஈஸ்வரிக்கு
மிச்சம் நான்கு நிமிடம்.

அவர் பேசவில்லை.
மைக்கைத் தாழ்த்தினார், நாவலைப் பிரித்தார்.
‘பதினோராவது அத்தியாயம் ஒரு பக்கந்தான்.
நான் எழுதுனது இல்ல,
எங்க வீட்டுக்கு வந்தது.’

மேற்படி கிராமம், புஞ்சை,
சர்வே எண் 214/3ஆ, நாற்பத்தொரு செண்ட்,
நான்குவழிச் சாலைக்குத் தேவைப்படுவதால்
இதன் மூலம் தெரிவிக்கப்படுவது யாதெனில்
ஆட்சேபனை இருப்பினும்
முப்பது நாட்களுக்குள்

நிறுத்தினார்.
‘இருப்பின்னுதான் இருக்கணும்.
யாரோ தப்பா அடிச்சிட்டாக.
பதிப்பாளரு திருத்தச் சொன்னாரு, நான் விடல.
வந்த காயிதத்துலயெல்லாம்
அந்த ஒரு வார்த்தைதான் உள்ளதச் சொல்லுச்சு.’

சிரித்தார்கள். கைதட்டினார்கள்.
எழுந்தவர்களில் சிலர் திரும்ப உட்கார்ந்தார்கள்.
எனக்கு விரல் நுனி சில்லிட்டது.

அந்த வருடம் நான் செக்கானூரணியில்,
நில எடுப்புப் பிரிவில்.
ஒரே நாளில் நூற்றெழுபது நோட்டீஸ்.
மாதிரியை ஒருமுறை அடித்துவிட்டு
பெயரையும் எண்ணையும் மாற்றிக்கொண்டே போனேன்.
சாயங்காலம்தான் கண்ணில் பட்டது அந்த உம்.
தாசில்தார் கையெழுத்தை முடித்து
பேனாவை மூடிக்கொண்டிருந்தார்.
‘இதையெல்லாம் யாரும்மா வாசிக்கப் போறா’ என்றார்.

நான்கு நிமிடம் ஆறானது. பத்தானது.
மஞ்சள் மடியிலேயே கிடந்தது.
சிவப்பின் மேல் நான் உட்கார்ந்திருந்தேன்.

கேள்வி நேரம்.
பின்வரிசையில் ஒரு சஃபாரி சட்டை:
‘கேள்வி இல்லை, சின்னக் கருத்து.
அது எதிர்மறை உம்மையா, சிறப்பும்மையா
என்று பார்த்தோமானால்...’
சேவுகப்பெருமாள் மைக்கை இழுத்தார்.
இரண்டு பேருக்கும் சேர்த்து
சிவப்பைத் தூக்கினேன்.

ஸ்டாலில் பத்து சதவீதம் கழிவு.
கையெழுத்து வரிசையில் எனக்கு முன்னால் ஆறு பேர்.
‘யார் பேருக்கு?’
சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்தது.
‘தேதி மட்டும் போடுங்க’ என்றேன்.
அட்டைகளைப் பார்த்துவிட்டார்.
‘நீங்கதானா என்னையப் பேச விட்டது’
என்று சிரித்தார்.
நல்ல பல்வரிசை.

ஆரப்பாளையத்தில் ஜன்னலோரம் கிடைத்தது.
பதினோராவதைத் திறந்தேன்.
கருப்பாக, அச்சில், பிழை சேதமில்லாமல் நிற்கிறது.
எதையும் விடவில்லை அந்தம்மா:
முத்திரையின் பாதி வட்டம்,
நகல் பெறுநர் பட்டியல்,
கீழே இடது மூலையில், கோப்பு எண்ணை ஒட்டி,
அடித்தவரின் முதலெழுத்து இரண்டு.

நாகமலை தாண்டும்போது கண்டக்டர் வந்தார்.
‘செக்கானூரணி’ என்றேன்.
அய்யோ, உசிலம்பட்டி.
மிஷின் அதற்குள் அடித்துவிட்டது.