ஒரு கை பையில்

லியபாயாவில் காற்று பக்கவாட்டில்தான் வீசும்.
கரோஸ்டாவின் கராஜ் வரிசையில்
நாற்பத்தோராம் இரும்புக் கதவுக்குப் பின்னால்
இயெவா
வலது கையால் மட்டும் வேலை செய்கிறாள்.
இடது கை கோட்டுப் பையில்.
கையிலிருந்து கைக்கு மின்சாரம் போனால்
வழியில் இதயம் இருக்கிறது.

மேசையில்
யாரோ தூக்கியெறிந்த டிவியின் வயிற்றிலிருந்து ஒரு மின்மாற்றி.
அலுமினியச் சீப்பு,
அதில் வெந்துபோன இரண்டு டிரான்சிஸ்டர்களின் கறை.
மூன்றாவது இன்னும் தாக்குப்பிடிக்கிறது.
எதிரெதிரே இரண்டு டங்ஸ்டன் கம்பிகள்,
நடுவே ஒரு விரல் அகலத்துக்கு ஒன்றுமில்லை.

சுவிட்சைப் போடுகிறாள்.
அந்த ஒன்றுமில்லை
சீறிக்கொண்டு கிழிகிறது.
கத்தரிப்பூ நிறத்தில் ஒரு நூல்
பூனை மாதிரி முதுகைத் தூக்கி நிற்கிறது.
ஜெராக்ஸ் கடை வாசனை.

பக்கத்து கராஜில் இமன்ட்ஸ் சுவரைக் குத்துகிறார்.
அவர் ரேடியோவில் ஹாக்கி,
இரண்டுக்கு இரண்டு,
கோல் விழுந்த நொடியை இவள் நெருப்பு தின்றுவிட்டது.
யார் போட்டது, என்று கத்துகிறார்.
நான்தான், என்கிறாள்.

காஸ்பர்ஸ் இப்போது ரோட்டர்டாமில் கன்டெய்னர் எண்ணுகிறான்.
இந்த மேசையின் அந்தப் பக்கம் இருந்தவன்.
எடுத்துப்போனது: நல்ல மல்டிமீட்டர்.
அனுப்பிக்கொண்டிருப்பது: குரல் செய்திகள்,
இதுவரை பதினொன்று, எல்லாமே எச்சரிக்கை.
மின்தேக்கியை முதலில் காலி செய்.
மோதிரத்தைக் கழற்று.
ஒரு கை பையில்.
தனியாகச் செய்யாதே,
என்கிறான், தனியாக்கிவிட்டுப் போனவன்.

இன்று அந்தக் குரலையே நெருப்புக்குக் கொடுக்கிறாள்,
செத்தாலும் பரவாயில்லை என்கிற பழைய போனிலிருந்து.

நெருப்புக்கு எடையில்லை.
அதனால் எவ்வளவு வேகமாகவும் நடுங்கும்.
அதனாலேயே
காற்றை அழுத்தித் தள்ளத் தெரியாது.
உச்சி வரும், அடித்தொண்டை வராது.

வந்தது:
ஸ். ட். ச்ச். க்.
மீனைத் தின்ற பிறகு தட்டில் கிடக்கும் முள்.

தமிழில் எனக்கு இது சுலபம்.
மெய் வந்தது, உயிர் வரவில்லை
என்று எழுதிவிட்டுப் போய்விடலாம்.
அவள் மொழி எழுத்துக்கு அப்படிப் பெயர் வைக்கவில்லை.
அவள் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த நாட்டில் ஆண்களின் பெயர்கள் பெரும்பாலும்
ஸ் என்று முடியும்.
ஒவ்வொரு செய்தியின் கடைசியிலும்
தன் பெயரைச் சொல்வான்,
யாரென்று தெரியாமல் போய்விடும் என்பதைப் போல.
ஸ்ப்ஸ், என்றது நெருப்பு.
அச்சு அசல் அவன்.

தொடக்கத்தில் அவள் பெயர்.
அங்கே நூல் லேசாக அசைந்தது,
சத்தம் இல்லை.
இயெவா.
எல்லாம் உயிர்,
ஒரே ஒரு வ், அதுவும் பாதிக் காற்று.
திரும்ப ஓட்டினாள். திரும்ப அசைந்தது.
கூப்பிட்டான் என்று கண்ணுக்குத் தெரிகிறது.

சுவிட்சை அணைத்தாள்.
பிளாஸ்டிக் பிடிபோட்ட கம்பியால் தொட்டு
மிச்சத்தைக் காலி செய்தாள். படக்.
முப்பது எண்ணினாள்.
அதற்குப் பிறகே இடது கை வெளியே வந்தது,
ஒரு டிராம் டிக்கெட்டோடும்
ஒட்டிப்போன இருமல் மிட்டாயோடும்.

இமன்ட்ஸிடம் பழைய கார் ஸ்பீக்கர் இருந்தது.
காகிதக் கூம்பு, ஓரத்தில் கிழிசல்.
மூன்றுக்கு இரண்டு, ஜெயித்தாயிற்று, கொண்டுபோ என்றார்.
போட்டவன் யாரென்று அவருக்கு இன்னும் தெரியாது.

இரண்டு கையாலும் சுமந்து வந்தாள்.

கீழ்க்குரல் காகிதத்துக்கு, மேல்குரல் நெருப்புக்கு.
எங்கே வெட்டுவது?
சிகரெட் அட்டையின் பின்புறம் பென்சிலால்
மூவாயிரம் ஹெர்ட்ஸ் என்று எழுதினாள்,
அடித்தாள், நாலாயிரம் என்றாள்,
அதையும் அடித்தாள்.

வெளியே
இரும்புக் கதவின் இடுக்கில்
காற்று
வ், என்றது.