ஏழு யானைகள்

வண்டல் எதையும் விடாது.
சுவாமிமலை ஆற்றோரத்தில் அள்ளியது
நகக்கண் அழுக்கைக்கூடப் பிரதியெடுக்கும்.

மைக்கேல்பட்டி சவரியம்மாள்
முந்நூறு ரூபாய்க்கு வைத்துவிட்டுப் போன
ராணுவத் தொப்பி வில்லை:
குறுக்கே இரண்டு வாள், நடுவில் யானை.
துதிக்கை பாதி தேய்ந்திருந்தது.
அணிவகுப்புக்கு முந்தின இரவுகளில்
அவள் அப்பா புளி போட்டுத் துலக்குவாராம்.
எந்தப் பாலைவனத்தில் புளி கிடைத்ததோ.

ஜமால் மைதீன் பார்த்தான்.
'ஆறு போடுங்க ஸ்தபதி.
மெட்ராஸ்ல இதைச் சேர்க்கிற டாக்டருங்க இருக்காங்க.
யானையைப் பார்க்கமாட்டாங்க,
திருப்பிக் கொக்கியைத்தான் பார்ப்பாங்க.'

மெழுகு, மண், வரட்டித் தீ.
போருக்கே போகாத ஆறு யானைகளுக்கும்
தேய்ந்த துதிக்கை,
ஒரே ஆளின் கட்டைவிரல்.

பின்னால் ஆணியால் கீறியிருந்த நம்பரும்
கூடவே வந்துவிட்டது.
'ஒரே நம்பர்ல ஆறு சிப்பாயா?'
அரம் எடுத்தேன்.
கை ஆறோடு நிற்கவில்லை.
பிறகு உப்பும் சாணியும் பூசி
ஏழையும் ஒன்றாகப் புதைத்தேன்.

ஐப்பசி மழையில் சவரியம்மாள் வந்தாள்,
முந்நூறும் வட்டியும் முந்தானையில் நனைந்திருக்க.
விற்றது போக மூன்று இருந்தன.
வார்ப்பு, அசலைவிட மயிரிழை சிறுத்திருக்கும்.
அளந்தால் தெரியும்.
அளக்கவில்லை. மூன்றையும் பலகைமேல் வைத்தேன்.

ஒவ்வொன்றிலும் விரலை வைத்துப் பார்த்தாள்.
'இது.'
'ஆமாம்' என்றேன்.
வட்டியில் இருபது குறைந்தது.
பரவாயில்லை என்றேன், சத்தமாகவே.

திருப்பினால் என்ன சொல்வதென்று
யோசித்தபடி நின்றேன்.
அவள் திருப்பவில்லை.