படிவம் ஒன்று ஏ

கனரக உரிமத்துக்கு இருபது வயது நிரம்பியிருக்க வேண்டும்.
எனக்கு இருபத்தாறு.
இலகு ரகம் எடுத்து ஓராண்டு ஆகியிருக்க வேண்டும்.
குட்டியானையில் ராயக்கோட்டைத் தக்காளி அடித்தே
மூன்றாண்டு போய்விட்டது.
ஓட்டுநர் பள்ளி கொடுத்த படிவம் ஐந்து,
ஆதார், காது தெரிகிற மாதிரி நாலு போட்டோ,
எல்லாம் ஜவுளிக்கடைப் பையில் மடங்காமல் இருக்கிறது.

மிச்சம் படிவம் ஒன்று ஏ.
டாக்டர் நிரப்புவது.
அதில் ஒரு வரி:
சிவப்பையும் பச்சையையும்
எளிதில் பிரித்தறிய இயலுமா?

இயலாது.

காவேரிப்பட்டணம் மண்டியில்
முழுப்பரீட்சை லீவில் கண்டுபிடித்தார்கள்.
செந்தூராவை மட்டும் தனியே போடு என்றார் மேஸ்திரி.
முகர்ந்து முகர்ந்து போட்டேன்.
ஒரு பெங்களூராகூட அந்தக் கூடையில் விழவில்லை.
ஆனாலும் சிரித்தார்கள்,
சாயங்காலமே எடைமேடைக்கு மாற்றினார்கள்.
கல்லுக்கு நிறம் தேவையில்லை.

சிக்னல் பெரிய விஷயமில்லை.
மேலே எரிந்தால் நில்,
கீழே எரிந்தால் போ.
கிருஷ்ணகிரி ரவுண்டானாவில் இதுவரை
யாரும் என்னைத் திட்டியதில்லை,
எல்லாரையும் திட்டுகிற அளவுக்கு மேல்.

சிக்கல் அந்தப் புள்ளிப் புத்தகம்.
சம்பங்கி தன் செல்லில் இறக்கிக் கொடுத்தான்.
முதல் பக்கம் பன்னிரண்டு. அது எனக்கும் பன்னிரண்டு.
இரண்டாம் பக்கம் எனக்குத் தெரிவது மூன்று,
சொல்ல வேண்டியது எட்டு.
அடுத்தது ஆறு. இருபத்தொன்பது. ஐம்பத்தேழு.
ஒரு மாசம்
லாரி ஷெட்டில் டயருக்குக் காற்றடித்துக்கொண்டே
மந்திரம் மாதிரி சொன்னேன்.
மூன்றைப் பார், எட்டு என்று சொல்.
மூன்றைப் பார், எட்டு என்று சொல்.

டாக்டர் நிமிரவே இல்லை.
பேர்?
திம்மராயன்.
திருமராயன் என்று எழுதினார்.
எல்லா வரியிலும் மளமளவென்று டிக்,
முத்திரை, முந்நூறு ரூபாய்,
அடுத்த ஆள்.

எட்டு என் நாக்கிலேயே நின்றுவிட்டது.

அவர் பொய் சொல்லவில்லை, பார்க்கவில்லை, அவ்வளவுதான்.
நானும் பொய் சொல்லவில்லை,
வாய் திறக்குமுன்பே முடிந்துவிட்டது.
ஆனால் தாளில் ஒரு டிக் இருக்கிறதே,
அது யாருடையது?
பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்
பேரை மட்டும் திருத்திக்கொண்டு வரலாமா என்று யோசித்தேன்.
போனால் நிமிர்ந்து பார்ப்பார்.
போகவில்லை.
இனிஷியலும் ஆதாரும் போதுமென்று
ஆபீஸில் விட்டுவிட்டார்கள்.

டெஸ்டில் ரிவர்ஸ் எடுத்த அழகைப் பார்த்து
இன்ஸ்பெக்டரே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இப்போது பத்துச் சக்கரம்.
பர்கூர் கிரானைட், தூத்துக்குடி துறைமுகம்.
கிளீனர் எதுக்கு, ஜிபிஎஸ் இருக்கே என்கிறார் முதலாளி.
என் பேட்டாவிலிருந்து இருநூறு கொடுத்து
சென்னப்பனை ஏற்றிக்கொள்கிறேன்.
ஏன் என்று அவனுக்குத் தெரியாது.
வெற்றிலைச் செலவு மிச்சம் பிடித்து
சினேகம் காட்டுகிறேன் என்று நினைக்கிறான்.

தொப்பூர் இறக்கம். ராத்திரி இரண்டரை.
இரண்டாவது கியர்.
நியூட்ரலில் ஓட்டாதீர் என்று
வளைவுக்கு வளைவு பலகை.
முதுகுக்குப் பின்னால் கல்மலை மூச்சு விடுகிறது.

முன்னே, பனிக்குள்,
ஈரச் சாக்கு நிறத்தில் ஏதோ ஒன்று.
போகிறதா, நிற்கிறதா,
ஓரத்தில் விட்ட வண்டியா,
பெட்ரோல் பங்க் பலகையா?

டேய் சென்னப்பா, அது என்ன கலர்டா?

சிவப்புண்ணே.

கண்ணைத் திறந்து சொன்னானா
தூக்கத்தில் சொன்னானா
தெரியவில்லை.

மிதிக்கிறேன்.