செக்கிங்

பனியன் கம்பெனியில்
வெளிச்சப் பலகைமேல் துணியை விரித்து
ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல்
கண்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவது
என் வேலை.

அதனால்தான்
அதியன் பிறந்த ஒன்பதாம் நாள் படத்தை
டாக்டர் வெளிச்சத்தில் மாட்டியதும்
அவர் வாய் திறக்குமுன் எண்ணிவிட்டேன்.
தலைக்குள் கம்பு இறைத்தாற்போல்
பதினாலு வெள்ளை.

வயிற்றிலேயே தொற்றிய ஒட்டுண்ணிங்க, என்றார்.
பூனையோ, வேகாத கறியோ, கழுவாத கீரையோ.
வெள்ளியங்கிரி அன்றிரவே
குடோன் பூனையைச் சாக்கில் கட்டி
நொய்யலுக்கு அப்பால் விட்டுவந்தார்.
மூன்றாம் நாள் அது
கழிவுத்துணிமேல் படுத்திருந்தது.

பிறகு ஒரு வருசம்.
பிளேடால் கால்வாசி கிள்ளிய மாத்திரை,
சிரப்பில் குழைத்தால் பாதி துப்புவான்.
வாரம் தவறாமல் ரத்தம்.
ஷிப்மென்ட் நாளிலும் லீவு கேட்டு நின்றேன்.

இன்று மறுபடம்.
பால் குடித்துத் தூங்கியவனை
கட்பீஸ் துணியில் இறுகச் சுற்றிக் கொடுத்தேன்.
வளையம் அவனை உள்ளே வாங்கி
நிமிசத்தில் திருப்பித் தந்தது.

ஆறுங்க, என்றேன்.
கண்ணாடியைத் துடைத்துவிட்டு
ஐந்து, என்றார் டாக்டர்.
வலது ஓரத்தில் இருப்பது புள்ளியா, தூசியா?
இருவரும் குனிந்து பார்த்தோம்.

கம்பெனியில்
ஒன்று இருந்தாலே செகண்ட்ஸ்.

அவிநாசி பஸ்ஸில்தான் கவனித்தேன்:
என் பையில் கிடந்த ஸ்டிக்கர் ஒன்று
எப்படியோ அவன் முழங்கையில் ஒட்டியிருந்தது.
உரித்து முன்சீட்டுக் கம்பியில் ஒட்டினேன்.
அதைப் பிடிக்க அவன் எட்டினான்,
ஒவ்வொரு தடவையும் டாக்டர் கேட்கும்
அந்த இடது கையால்.