கம்பம் எண் நாற்பத்தொன்று

ஒன்று முதல் ஐந்து வரை எண் சொல்லச் சொன்னான்
கையில் டேப்போடு வந்த பையன்.
"இரவில் உங்கள் பகுதியில் பாதுகாப்பாக உணர்கிறீர்களா?"
குழாயடியில் நின்றேன். குடம் பாதி.
நூற்று எழுபத்திரண்டு என்றேன்.
"அக்கா, ஐந்துக்குள்ள."

ஐந்துக்குள் அடங்காது தம்பி.
ஈரடுக்குப் பாலத்துக்குப் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினால்
மருந்துக்கடை ஷட்டர் வரை வெளிச்சம்.
அதற்கப்புறம் உப்புக்கிட்டங்கிச் சந்து,
என் வாசல் வரை நூற்று எழுபத்திரண்டு எட்டு.
ஜவுளிக்கடையில் பத்தரை மணி நேரம் நின்ற கால்
எண்ணிய கணக்கு, தப்பாது.
எண்பதாவது எட்டில் மூடிக்கிடக்கும் தியேட்டர்.
தொண்ணூறில் யாரோ இருமுவான்.
நூற்றுப்பத்தில் சாவியை விரலிடுக்கில் செருகிக்கொள்வேன்.
நூற்று முப்பதில் கம்பம் எண் நாற்பத்தொன்று,
இரண்டு வருஷமாய் எரியாதது.
மனு கொடுத்த ரசீதுகள் ஏழு
அரிசி டப்பாவுக்கு அடியில்.

பையன் மூன்றைத் தொட்டுவிட்டு
அடுத்த வீட்டுக்குப் போனான்.

*

பிறகு முதலீடு வந்தது.
அப்படித்தான் பேனரில் போட்டிருந்தது.
தியேட்டரை ஏதோ நகைக்கடை வாங்கியது.
ஒரே வாரத்தில் சுவர், சுவருக்கு விளக்கு,
விளக்குக்குக் காவல், காவலுக்கு நாற்காலி.
கேமரா எட்டு. எட்டும்
தன் கதவையே பார்த்துக்கொண்டிருந்தன
கண்ணாடி முன்னால் புதுமாப்பிள்ளை மாதிரி.
சந்துப் பக்கம் ஒன்றுக்கும் கழுத்து திரும்பவில்லை.
வாசலில் மாவு விற்ற உலகம்மாளை
அழகு கெடுகிறது என்று எழுப்பிவிட்டார்கள்.
வீட்டு வாடகை எண்ணூறு ஏறியது.
இருட்டு மட்டும்
பழைய வாடகைக்கே குடியிருந்தது.

அந்த மாதம்தான் முத்துப்பேச்சியின் சங்கிலி போனது.
சங்கிலி என்ன சங்கிலி, கவரிங்.
கழுத்துக் கீறல்தான் அசல்.
ஸ்டேஷனில் கேட்டார்களாம்:
"பதினோரு மணிக்கு அந்த வழியா எதுக்கும்மா போன?"
"எங்க வீடு அங்கனதான சார் இருக்கு."
அவள் இதைச் சொன்னபோது சிரித்தோம்.
பிறகு ஒருத்தியும் பேசவில்லை.

*

எங்கள் சீட்டு இருபது பேர், மாதம் ஆயிரம்.
ஏலம் செய்யதலி பாத்திமா வீட்டு மச்சில்.
அந்த ஞாயிறு எல்லாருக்கும் அவசரம்.
எனக்கு மகளின் காலேஜ் பீஸ்,
மரியபுஷ்பத்துக்கு வயிற்றில் ஆபரேஷன்,
தள்ளு நாலாயிரத்தைத் தாண்டும் என்று இருந்தோம்.
உலகம்மாள் கேட்டாள்:
"எனக்குத் தாங்க. கம்பத்துக்குக் கீழ வண்டி போடுதேன்.
ராத்திரி ஒம்பதுல இருந்து ஒரு மணி வரைக்கும் இட்லி.
கேஸ் லைட்டு எரியும்லா. ஆளு நிப்பாவ.
ஆளு நின்னா இருட்டு நிக்காது."

கணக்குப் பார்த்தோம். வெகுநேரம்.
மரியபுஷ்பம் எழுந்து போய்விட்டாள்,
செருப்பைக்கூட மாட்டவில்லை.
செருப்புக்காகத் திரும்பி வந்தவள்
படியில் நின்றபடியே சொன்னாள்,
"தள்ளு வேண்டாம். முழுசாக் குடுத்துருங்க."
அவளிடம் நான் இன்றுவரை
அதைப் பற்றிப் பேசியதில்லை.

*

இப்போது நூற்று முப்பதாவது எட்டில்
ஆவி, மிளகாய்ப்பொடி வாசம்,
ஆட்டோக்காரர்கள், ஆஸ்பத்திரியில் துணைக்கு இருப்பவர்கள்,
அந்த இருமல்காரன்கூட.
பெயர் பிரம்மநாயகம். இரண்டு இட்லி, கடன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை.
வாரத்துக்கு ஒருவர் வந்து
எட்டு இட்லி பொட்டலம் வாங்கிப்போகிறார், காசு தருவதில்லை.
வண்டியை அகற்றச் சொல்லி ஒரு நோட்டீஸ்;
அதையும் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தேன்.
கம்பம் இன்னும் எரியவில்லை.
மரியபுஷ்பம் வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான்
வேலைக்குப் போகிறாள்.

நானும் எண்ணுவதை விடவில்லை.
நூற்று இருபத்தெட்டு, நூற்று இருபத்தொன்பது,
"சாப்ட்டியாட்டீ?" என்பாள் உலகம்மாள்.
ஏதோ பதில் சொல்லி நகர்ந்தால்
விட்ட எண் எதுவென்று தெரியாமல்
வாசல் வந்துவிடுகிறது.